ஏற்றாத பேட்ச்களின் வரிசையை மாற்றுவது எப்படி

பேட்ச்களை, அதாவது நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்த கோப்புகளை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிர்வகிக்கும் குயில்ட், ஸ்டேக்டு கிட், மெர்க்யூரியல் கியூ என்று எந்தக் கருவியை வைத்து வேலை செய்தாலும் ஒரு கட்டத்தில் இந்தத் தேவை வந்தே தீரும். அடுக்கில் ஐந்தாறு பேட்ச்கள் இருக்கும், கடைசியாக எழுதியதுதான் முதலில் வெளியே போக வேண்டியிருக்கும். பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை அவசரமாக அனுப்ப வேண்டியிருக்கலாம், அல்லது அப்ஸ்ட்ரீம் ஆட்கள் (மூல நிரலைப் பராமரிப்பவர்கள்) ஒரு பேட்சை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றவற்றை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் பலரும் எல்லா பேட்ச்களும் ஏறியிருக்கும் நிலையிலேயே ஒன்றைக் கீழே தள்ளி இன்னொன்றை மேலே இழுத்து, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு கன்ஃப்ளிக்டை (மாற்றங்களின் மோதலை) தீர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவு சிரமம் வேண்டாம். முதலில் பேட்ச்களை இறக்குங்கள், அதாவது அவற்றின் மாற்றங்களை நிரலில் இருந்து விலக்குங்கள், இறக்கிய நிலையில் வரிசையை மாற்றுங்கள், அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். இறங்கியிருக்கும் பேட்ச்களின் வரிசை என்பது ஒரு பட்டியலில் உள்ள சில வரிகள்தான், அதை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் நிரலில் ஓர் எழுத்துகூட அசையாது.

சிக்கல் எல்லாம் மறுபடி ஏற்றும்போதுதான் வரும். அதிலும் கருவி சத்தம் போட்டு நிறுத்தும் சிக்கல் பெரிய விஷயமில்லை, சத்தமே இல்லாமல் ஒரு திருத்தம் காணாமல் போவதுதான் ஆபத்து. அது எப்படி நடக்கிறது, எப்படிப் பிடிப்பது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

அடுக்கின் நிலையைப் பார்ப்பது

குயில்டில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதில் எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடிய கோப்புகள். லினக்ஸ் கெர்னலுக்காக ஆண்ட்ரூ மார்ட்டன் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட்களில் இருந்து வளர்ந்தது அது. ஆண்ட்ரியாஸ் குருன்பாகர் அதைத் தனிக் கருவியாக்கினார். பேட்ச்சஸ் என்ற கோப்புறைக்குள் பேட்ச் கோப்புகள் இருக்கும், அதே இடத்தில் சீரீஸ் என்றொரு எளிய உரைக்கோப்பு இருக்கும், வரிக்கு ஒரு பேட்ச் பெயர். கோப்பின் முதல் வரியில் இருப்பது முதலில் ஏறும், அதாவது அடுக்கின் அடியில் இருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் பேக்கேஜ் என்றால் இவை டெபியன் கோப்புறைக்குள் இருக்கும், அதனால் குயில்ட்-பேட்ச்சஸ் என்ற சூழல் மாறியில் அந்தப் பாதையைக் கொடுத்துவிட வேண்டும். இதைக் குயில்ட்ஆர்சி கோப்பில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் தினமும் தட்ட வேண்டியதில்லை.

எது ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை என்ற கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. புள்ளியில் தொடங்கும் பிசி என்ற மறைவான கோப்புறையில், ஏறிய பேட்ச்களின் பட்டியலும், ஒவ்வொரு பேட்சும் தொட்ட கோப்புகளின் முந்தைய நகலும் இருக்கும். சீரீஸ் கோப்பும் ஏறியவற்றின் இந்தப் பட்டியலும் வேறு வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "குயில்ட் அப்ளைடு" என்றால் ஏறியவை, "குயில்ட் அன்அப்ளைடு" என்றால் ஏறாதவை, "குயில்ட் டாப்" என்றால் இப்போது உச்சியில் இருப்பது.

ஏறிய பேட்ச்களின் வரிசையை சீரீஸ் கோப்பில் நேராகப் போய் மாற்றிவிட்டால் இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. சீரீஸ் கோப்பு ஏறிய பேட்ச்களோடு பொருந்தவில்லை, எல்லாவற்றையும் இறக்கு என்று குயில்டே சொல்லி நின்றுவிடும். அதனால்தான் முதலில் இறக்கச் சொல்கிறேன். முழுவதையும் இறக்க வேண்டும் என்றில்லை, நீங்கள் மாற்றப்போகும் இடத்துக்குப் பின் ஏறியவை இறங்கியிருந்தால் போதும். "குயில்ட் பாப்" கட்டளையோடு ஒரு பேட்ச் பெயரைக் கொடுத்தால் அந்தப் பேட்ச் உச்சிக்கு வரும்வரை இறக்கிவிட்டு நிற்கும்.

எது எதைச் சார்ந்திருக்கிறது

வரிசையை மாற்றும் முன் ஐந்து நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். இரண்டு பேட்ச்கள் வெவ்வேறு கோப்புகளைத் தொட்டால், உரை அளவில் அவற்றை எப்படி வேண்டுமானாலும் இடம் மாற்றலாம். ஒரே கோப்பில் தூர தூரமான இடங்களைத் தொட்டாலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, வரி எண் மட்டும் நகரும். அடுத்தடுத்த வரிகளைத் தொட்டாலோ, ஒன்று உருவாக்கியதை இன்னொன்று திருத்தினாலோ அங்கே கை வைக்க வேண்டிவரும்.

டேவிட் ரவுண்டி என்ற இயற்பியலாளர் உருவாக்கிய டார்க்ஸ் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி, எந்த இரண்டு பேட்ச்களை இடம் மாற்றலாம் என்ற இந்த ஒரு கேள்வியின் மேலேயே முழுவதுமாக நிற்கிறது. அதில் கருவியே கணக்குப் போட்டுச் சொல்லும். குயில்டில் நாம்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு வழிகள் இருக்கின்றன. "குயில்ட் பேட்ச்சஸ்" என்று கட்டளை கொடுத்து ஒரு கோப்பின் பெயரைச் சொன்னால், அந்தக் கோப்பைத் தொடும் பேட்ச்களை எல்லாம் காட்டும், ஏறாதவற்றையும் சேர்த்து. ஏறாதவற்றை அது ஊகித்துத்தான் கண்டுபிடிக்கிறது, கொஞ்சம் மெதுவாகவும் இருக்கும், ஆனாலும் இந்த வேலைக்குப் போதும். "குயில்ட் கிராஃப்" ஏறிய பேட்ச்களுக்கு இடையே சார்பு வரைபடம் வரையும். அதில் லைன்ஸ் என்ற தெரிவைச் சேர்த்தால் ஒரே கோப்பைத் தொடுகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், மாற்றங்கள் உண்மையிலேயே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பார்க்கும். கிராஃப் ஏறிய பேட்ச்களுக்கு மட்டுமே வேலை செய்யும் என்பதால், இறக்குவதற்கு முன்பே, எல்லாம் ஏறியிருக்கும்போதே அதை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

உரை அளவில் மோதவில்லை என்பதாலேயே சார்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பேட்ச் தலைப்புக் கோப்பில் ஒரு செயற்கூறை அறிவிக்கிறது, இன்னொன்று வேறொரு கோப்பில் அதை அழைக்கிறது என்றால் இரண்டும் எந்த வரிசையிலும் அழகாக ஏறும், ஆனால் தவறான வரிசையில் நடுவே பில்டு உடையும். எந்தக் கருவியும் இதைச் சொல்லாது. பேட்சைத் திறந்து படிப்பதுதான் வழி.

தொடும் முன் ஒரு ஸ்னாப்ஷாட்

இதைத் தவிர்க்கவே கூடாது. வரிசை மட்டும்தான் மாறுகிறது என்றால், எல்லா பேட்ச்களும் ஏறிய பிறகு கிடைக்கும் இறுதி நிரல், மாற்றுவதற்கு முன் இருந்ததைப் போலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இதைவிட நல்ல சோதனை இந்த வேலைக்குக் கிடையாது. அதனால் எல்லா பேட்ச்களையும் "குயில்ட் புஷ் -ஏ" கொடுத்து ஏற்றுங்கள், "குயில்ட் ஸ்னாப்ஷாட்" கொடுங்கள். அப்புறம் எத்தனை முறை இறக்கினாலும் ஏற்றினாலும் "குயில்ட் டிஃப் --ஸ்னாப்ஷாட்" என்று கேட்டால் அன்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். பேட்ச் கோப்புகளே மாறப்போகின்றன என்பதால் பேட்ச்சஸ் கோப்புறையையும் ஒரு நகல் எடுத்து வெளியே வையுங்கள், அது கிட் ரிப்போவுக்குள் இருந்தால் ஒரு கமிட் போதும்.

ஸ்டேக்டு கிட் என்றால் இன்னும் எளிது: எல்லாம் ஏறிய நிலையில் ஒரு கிட் டேக் போடுங்கள். கடைசியில் அந்த டேகோடு கிட் டிஃப் போட்டுப் பாருங்கள், வெற்றாக வர வேண்டும்.

வரிசையை மாற்றுவது

குயில்டில் இதற்குத் தனிக் கட்டளை கிடையாது, தேவையும் இல்லை. இறக்கிவிட்டு சீரீஸ் கோப்பை உங்கள் எடிட்டரில் திறங்கள், வரியை வெட்டி வேண்டிய இடத்தில் ஒட்டுங்கள், சேமியுங்கள். முடிந்தது. ஏறாத பகுதியை மட்டும் மாற்றியிருந்தால் குயில்ட் எந்தக் கேள்வியும் கேட்காது. ஒன்றே ஒன்று: சில வரிகளில் பேட்ச் பெயருக்குப் பின்னால் -பி0 போன்ற தெரிவுகளோ, கருத்துக் குறிப்புகளோ இருக்கலாம், வரியை முழுதாக நகர்த்துங்கள்.

மெர்க்யூரியலில், கிறிஸ் மேசன் எழுதிய எம்கியூ நீட்சியைப் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு வழி. மறைவான ஹெச்ஜி கோப்புறைக்குள் இருக்கும் சீரீஸ் கோப்பை, மேலே சொன்ன மாதிரியே கையால் மாற்றலாம். அல்லது "ஹெச்ஜி கியூபுஷ் --மூவ்" என்று பேட்ச் பெயரைக் கொடுத்தால், அந்தப் பேட்சை ஏறாதவற்றின் நடுவே இருந்து எடுத்து, அடுத்த இடத்துக்குக் கொண்டுவந்து, அதை மட்டும் ஏற்றும். மூவ் இல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால் இடையில் உள்ள அத்தனையும் சேர்ந்து ஏறிவிடும், இந்த வித்தியாசம் முக்கியம். எம்கியூவில் கார்டு (ஒரு பேட்சை ஏற்றலாமா என்று தீர்மானிக்கும் நிபந்தனைக் குறி) போட்டிருந்தால் அது பேட்ச் பெயருக்குப் பக்கத்திலேயே எண் குறியோடு எழுதப்பட்டிருக்கும், கையால் நகர்த்தும்போது அதையும் கூடவே கொண்டுபோங்கள். மாற்றியபின் "ஹெச்ஜி கியூசீரீஸ் -வி" கொடுத்தால் ஒவ்வொன்றும் ஏறியதா, ஏறாததா, கார்டு போட்டதா என்று எழுத்துக் குறியோடு தெரியும்.

ஸ்டேக்டு கிட், கேட்டலின் மாரினாஸ் தொடங்கியது, கிட்டுக்கு மேலே உட்கார்ந்து இதே அடுக்கு முறையைத் தருகிறது. "எஸ்டிஜி சீரீஸ்" கொடுத்தால் ஏறியவை கூட்டல் குறியோடும், உச்சியில் இருப்பது அம்புக் குறியோடும், ஏறாதவை கழித்தல் குறியோடும் வரும். இதில் சீரீஸ் கோப்பு என்று எடிட்டரில் திறக்க எதுவும் இல்லை, அடுக்கின் விவரம் கிட் ரெஃப்களாகவே இருக்கிறது. அதனால் கட்டளைதான் வழி. "எஸ்டிஜி புஷ் --நோஅப்ளை" என்று பேட்ச் பெயர்களைக் கொடுத்தால், அவற்றை ஏற்றாமலேயே ஏறாதவற்றின் வரிசையில் முன்னே கொண்டுவந்து வைக்கும். நமக்கு வேண்டியது சரியாக அதுதான். பெயர்களை எந்த வரிசையில் கொடுக்கிறீர்களோ அந்த வரிசையில் அமரும். பழைய பதிப்பு மாட்டிக்கொண்டு இந்தத் தெரிவு இல்லை என்றால், வேண்டிய பேட்ச்களை வேண்டிய வரிசையில் "எஸ்டிஜி புஷ்" கொடுத்து ஏற்றிவிட்டு உடனே இறக்குங்கள், இறங்கும்போது புதிய வரிசையிலேயே இறங்கும். ஆனால் இதில் மெர்ஜ் நடந்துவிடும், கன்ஃப்ளிக்ட் இருந்தால் அங்கேயே வரும்.

ஸ்டேக்டு கிட்டில் "புஷ்" உடன் பெயர் கொடுத்தால் அந்தப் பேட்ச் மட்டும் ஏறும், இடையில் உள்ளவற்றைத் தாண்டிவிடும். இடையில் உள்ளவையும் வரிசையாக ஏற வேண்டும் என்றால் "எஸ்டிஜி கோடூ". குயில்டிலும் எம்கியூவிலும் புஷ் வேறு மாதிரி நடக்கும் என்பதால், மாறி மாறி இரண்டையும் பயன்படுத்துபவர்கள் கவனம். எப்படியும் "எஸ்டிஜி அண்டூ" இருக்கிறது, தாராளமாக முயன்று பார்க்கலாம்.

ஃப்ளோட், சிங்க் என்ற இரண்டு கட்டளைகளும் உண்டு, அவை ஏறிய பேட்ச்களை மேலும் கீழும் நகர்த்துபவை. நான் அவற்றை ஒரே ஒரு பேட்சை ஒரே ஒரு இடம் நகர்த்தத்தான் பயன்படுத்துவேன். பெரிய அளவில் வரிசை மாறுகிறது என்றால் இறக்கிவிட்டு மாற்றுவதே மனதுக்கு நிம்மதி, எந்த இடத்தில் எது மோதியது என்று தெளிவாகத் தெரியும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான லினக்ஸ்) பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வரிசையைத் தீர்மானிப்பது கோப்புப் பெயரின் முன்னால் உள்ள எண்தான். 100, 110 என்று இடைவெளி விட்டு எண் கொடுப்பது இதற்காகவே, நடுவே ஒன்றைச் செருக 105 என்று பெயர் மாற்றினால் போதும். டெபியனில் பேட்ச்களைக் கிட் கமிட்களாக மாற்றித் தரும் ஜிபிபி பிகியூ கருவியைப் பயன்படுத்துபவர்கள், இம்போர்ட் செய்து, பேட்ச்-கியூ பிராஞ்சில் கிட் ரீபேஸ் -ஐ போட்டு வரிசையை மாற்றி, எக்ஸ்போர்ட் செய்யலாம். ஆனால் ஏற்றுமதியின்போது கோப்புப் பெயர்களுக்கு முன்னால் எண் சேர்க்கும் வழக்கம் அதற்கு இருக்கிறது, ஒரு பேட்சை நகர்த்தினாலே இடையில் உள்ள கோப்புகளின் பெயர்களும் மாறி டிஃப் முழுக்கக் குப்பையாகிவிடும். எண் வேண்டாம் என்று சொல்லும் தெரிவு உண்டு, அதை அமைப்புக் கோப்பிலேயே போட்டுவிடுங்கள்.

ஏற்றும்போது: ஃபஸ் என்ற சத்தமில்லாத ஆபத்து

இனி "குயில்ட் புஷ்". ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், -ஏ போட்டு மொத்தமாக ஏற்றாதீர்கள், திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

குயில்ட் உள்ளுக்குள் ஓட்டுவது குனு பேட்ச் நிரலை. பேட்ச் கோப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி சூழல் இருக்கும். சொன்ன வரி எண்ணில் அது கிடைக்கவில்லை என்றால் மேலும் கீழும் தேடும், அதற்கு ஆஃப்செட் என்று பெயர். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் சூழல் வரிகளில் ஓரத்தில் உள்ளதை விட்டுவிட்டுத் தேடும், அதற்கு ஃபஸ். இயல்பாக இரண்டு வரி வரை விட்டுக்கொடுக்கும். அதாவது ஆறு சூழல் வரிகளில் மாற்றத்தை ஒட்டிய மேல்வரி ஒன்றும் கீழ்வரி ஒன்றும் மட்டும் பொருந்தினாலே, சரி இதுதான் இடம் என்று முடிவு செய்துவிடும். சி நிரலில் அந்த ஒட்டிய வரிகள் பெரும்பாலும் ஒரு பிரேஸ், ஒரு ரிட்டர்ன் 0, ஒரு பிரேக். ஒரே மாதிரியான பத்து செயற்கூறுகள் உள்ள கோப்பில் உங்கள் பேட்ச் தவறான செயற்கூறுக்குள் போய் உட்கார்ந்துவிட்டு, வெற்றி என்று சொல்லும்.

திரையில் முதல் ஹங்க் (பேட்சில் உள்ள ஒரு மாற்றத் துண்டு) 212-ஆம் வரியில் ஃபஸ் 2 உடன் ஏறியது, ஆஃப்செட் கழித்தல் 41 வரிகள் என்ற மாதிரி ஒரு வரி வந்தால், அதைத் தாண்டிப் போகாதீர்கள். வரிசை மாற்றத்தின்போது ஆஃப்செட் சாதாரணம், 41 வரி நீளமுள்ள எதையோ சேர்த்த பேட்ச் இப்போது பின்னால் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஃபஸ் அப்படியில்லை. அது வந்தால் கோப்பைத் திறந்து அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள். என் கருத்து, வரிசை மாற்றும்போது "குயில்ட் புஷ் --ஃபஸ்=0" என்றே ஏற்ற வேண்டும்; சந்தேகம் இருக்கும் இடத்தில் கருவி நிற்கட்டும், நாம் பார்த்துக்கொள்வோம். டெபியன் பேக்கேஜ் என்றால் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, டெபியனின் மூலப் பேக்கேஜ்களைக் கையாளும் டிபிகேஜி-சோர்ஸ் ஃபஸ்ஸை ஏற்றுக்கொள்ளாது, உங்கள் கணினியில் குயில்ட் சந்தோஷமாக ஏற்றிய பேட்ச் அங்கே பில்டு தொடங்கும் முன்பே விழுந்துவிடும்.

சுத்தமாக ஏறிய ஒவ்வொன்றுக்கும் பின் "குயில்ட் ரிஃப்ரெஷ்" கொடுங்கள், வரி எண்களும் சூழலும் புதிய இடத்துக்கு ஏற்ப எழுதப்பட்டுவிடும்.

ஸ்டேக்டு கிட்டில் ஃபஸ் பயம் குறைவு. அது கமிட்களை வைத்து மூன்று வழி மெர்ஜ் செய்கிறது, ஒவ்வொரு பேட்சும் எதன்மேல் எழுதப்பட்டது என்று அதற்குத் தெரியும். ஆனால் கீழே சொல்லும் ஆபத்தில் இருந்து அதுவும் காப்பாற்றாது.

ஒரு அடுக்கை எடுத்துப் பார்ப்போம்

சீரீஸ் கோப்பில் இந்த நான்கு பேட்ச்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: பில்டு-பாதை, கோப்பு-பிரிப்பு, உதவி-உரை, நீளச்-சோதனை. முதலாவது மட்டும் ஏறியிருக்கிறது. கோப்பு-பிரிப்பு என்ற பேட்ச், முதன்மை.சி கோப்பில் இருந்த ஒரு செயற்கூறை அப்படியே எடுத்துப் புதிதாக உருவாக்கிய படிப்பான்.சி கோப்புக்குள் வைக்கிறது. நீளச்-சோதனை என்பது அந்தச் செயற்கூறில் உள்ளீட்டின் நீளத்தைச் சரிபார்க்கும் மூன்று வரிகளைச் சேர்க்கிறது, தாங்கி (பஃபர்) வழிவதைத் தடுக்கும் பாதுகாப்புத் திருத்தம். இப்போது நீளச்-சோதனை இரண்டாவது இடத்துக்கு வர வேண்டும், பழைய வெளியீட்டுக்கும் அது தேவை, அங்கே கோப்புப் பிரிப்பு போகப்போவதில்லை.

உதவி-உரை பற்றிக் கவலை இல்லை, அது வேறு இடத்தைத் தொடுகிறது. நீளச்-சோதனையைப் புதிய இடத்தில் ஏற்றப் பார்த்தால் ஏறாது, ஏனென்றால் அது தேடும் படிப்பான்.சி அங்கே இன்னும் பிறக்கவே இல்லை. இப்படிக் கோப்பே இல்லாத நிலையில் -எஃப் போட்டு வலுக்கட்டாயமாக ஏற்றிப் பயனில்லை. பில்டு-பாதை உச்சியில் இருக்கும்போது "குயில்ட் நியூ" கொடுத்து நீளச்-சோதனை-புதிது என்று ஒரு பேட்ச் தொடங்குங்கள், அது சீரீஸில் தானாகவே சரியான இடத்தில் அமரும். அடுத்து "குயில்ட் ஆட் முதன்மை.சி", இதைத் திருத்தத் தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் செய்யும் மாற்றம் எந்தப் பேட்சிலும் சேராது. மூன்று வரிகளையும் பழைய செயற்கூறுக்குள் எழுதுங்கள், ரிஃப்ரெஷ் கொடுங்கள். பழைய பேட்சின் தலைப்பு விவரங்களை "குயில்ட் ஹெடர்" கொண்டு எடுத்து, புதியதில் -ஆர் தெரிவோடு போடுங்கள். எழுதியவர், பிழை எண், எங்கே அனுப்பப்பட்டது என்ற தகவல் எல்லாம் அதில்தான் இருக்கிறது, தொலைத்துவிடாதீர்கள். பழைய பேட்சை "குயில்ட் டிலீட் -ஆர்" நீக்கிவிடும்.

இப்போது கோப்பு-பிரிப்பை ஏற்றுங்கள். முதன்மை.சி-யில் இருந்து செயற்கூறை நீக்கும் ஹங்க் தோற்கும், நீக்கச் சொன்ன வரிகளுக்கு நடுவே புதிதாக மூன்று வரிகள் இருக்கின்றனவே. "குயில்ட் புஷ் -எஃப்" கொடுத்தால் ஏறியது ஏற, தோற்ற ஹங்க் ஆர்இஜே கோப்பாகப் பக்கத்தில் வந்து நிற்கும். அதைத் திறந்தால் செய்ய வேண்டியது பளிச்சென்று தெரிகிறது, செயற்கூறை மொத்தமாக அழிக்க வேண்டும், அந்த மூன்று வரிகளோடு சேர்த்து. அழித்துவிட்டு ரிஃப்ரெஷ் கொடுக்கிறீர்கள். பில்டு ஓடுகிறது. எந்த எச்சரிக்கையும் இல்லை.

அந்தப் பாதுகாப்புத் திருத்தம் இப்போது போய்விட்டது. படிப்பான்.சி என்பது புதிய கோப்பு, அதை உருவாக்கும் ஹங்குக்கு மோத எதுவுமே இல்லை, சுத்தமாக ஏறிவிட்டது, பழைய செயற்கூறின் உடலோடு, நீளச் சோதனை இல்லாமல். மோதல் தெரிந்தது ஒரு கோப்பில், இழப்பு நடந்தது இன்னொரு கோப்பில். ஆர்இஜே கோப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்பவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் இதைத் தவறவிட வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கருவி அவரை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லவே இல்லை. ஸ்டேக்டு கிட்டிலும் இதே கதைதான், முதன்மை.சி-யில் கன்ஃப்ளிக்ட் காட்டும், படிப்பான்.சி சத்தமில்லாமல் வந்து சேரும். நிரலை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் எந்தப் பேட்சுக்கும் இது பொருந்தும்.

உதவி-உரையையும் ஏற்றிவிட்டு "குயில்ட் டிஃப் --ஸ்னாப்ஷாட்" கொடுத்தால் அந்த மூன்று வரிகள் கழித்தல் குறியோடு வந்து நிற்கும். உடனே கோப்பு-பிரிப்பு உச்சிக்கு வரும்வரை இறக்கி, படிப்பான்.சி-யில் அவற்றைச் சேர்த்து, ரிஃப்ரெஷ் செய்து, மறுபடி ஏற்றிப் பாருங்கள். டிஃப் வெற்றாக வரும்வரை வேலை முடியவில்லை.

சிக்கலான பேட்ச் அடுக்கின் கடைசியில் இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. கடைசிப் பேட்ச் ஏறிய பின் என்ன நிலை வர வேண்டும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும், அது ஸ்னாப்ஷாட்டில் இருக்கிறது. ஆகவே கன்ஃப்ளிக்டை வரிவரியாகத் தீர்க்க வேண்டியதில்லை. ஸ்டேக்டு கிட்டில், போட்டு வைத்த டேகில் இருந்து கிட் ரிஸ்டோர் கொண்டு இன்டெக்ஸ், வேலைக் கோப்புறை இரண்டிலும் முழு நிலையையும் கொண்டுவந்துவிட்டு "எஸ்டிஜி ரிஃப்ரெஷ்" கொடுத்தால், மிச்ச வித்தியாசம் முழுவதும் அந்தப் பேட்சின் உள்ளடக்கமாகிவிடும். ஆனால் அதற்குப்பின் "எஸ்டிஜி ஷோ" கொடுத்து அந்தப் பேட்சில் வேறு பேட்சுக்குரியது எதுவும் கலந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், கலந்திருந்தால் கீழே எங்கோ ஒரு பேட்ச் முழுமையாக இல்லை என்று பொருள்.

அடுத்தடுத்த இரண்டே பேட்ச்களை இடம் மாற்ற, பேட்ச்யூட்டில்ஸ் தொகுப்பில் ஃப்ளிப்டிஃப் என்றொரு கருவி இருக்கிறது. இரண்டையும் கொடுத்தால் மாற்றிப்போட்ட இரண்டையும் திரும்பத் தரும். இது மிகக் குறைவாகவே சோதிக்கப்பட்டது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது, அதனால் வெளியீட்டை வேறு கோப்பில் வாங்கி ஏற்றிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள், மூலக் கோப்பின் மேலேயே எழுத விடாதீர்கள்.

எந்த வரிசை நல்லது

அப்ஸ்ட்ரீமில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட, அங்கிருந்து எடுத்த பேட்ச்கள் சீரீஸின் தொடக்கத்தில் இருக்கட்டும். அடுத்து, அனுப்பிவிட்டுக் காத்திருப்பவை. உங்கள் விநியோகத்துக்கு மட்டுமேயான, எங்கும் அனுப்பப்போகாத பேட்ச்கள் கடைசியில். அப்ஸ்ட்ரீம் புதிய வெளியீடு விட்டதும் தொடக்கத்தில் உள்ளவை ஒவ்வொன்றாக உதிரும், அவை உங்கள் சொந்த மாற்றங்களின் மேல் நிற்காததால் எடுத்துப் போட்டால் போதும். தலைகீழாக வைத்திருந்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நடுவில் இருந்து உருவி எடுத்துவிட்டு மேலே உள்ளதை எல்லாம் திருத்திக்கொண்டிருக்க வேண்டிவரும். சிறிய திருத்தங்கள் முன்னால், பெரிய மறுசீரமைப்புகள் பின்னால் என்பதும் அதே காரணத்துக்காகத்தான், மேலே பார்த்த உதாரணத்தில் நீளச்-சோதனை முதலிலேயே கீழே இருந்திருந்தால் பழைய வெளியீட்டுக்கு அப்படியே போயிருக்கும்.

இந்த முறை இன்றும் பெரிய அளவில் ஓடுவதைப் பார்க்க விரும்பினால் கிரெக் குரோ-ஹார்ட்மன் குழுவினர் பராமரிக்கும் கெர்னலின் ஸ்டேபிள்-கியூ ரிப்போவைத் திறந்து பாருங்கள். கெர்னல் பதிப்புக்கு ஒரு கோப்புறை, உள்ளே பேட்ச் கோப்புகள், ஒரு சீரீஸ் கோப்பு. ஒன்றைச் சார்ந்த இன்னொன்று எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சில நாட்கள் கவனித்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

முடிக்கும் முன்

இறுதி நிலை ஒத்துப்போனாலும் நடுநிலைகள் உடைந்திருக்கலாம். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ஒரு பேட்ச் ஏற்று, பில்டு செய், சோதனைகளை ஓட்டு, அடுத்ததை ஏற்று என்று ஒரு சிறிய ஷெல் லூப் எழுதி ஓட விடுங்கள். பின்னால் யாராவது கிட் பைசெக்ட் போட்டுப் பிழை தேடும்போது நடுவே பில்டு ஆகாத ஒரு கமிட் வந்து நின்றால் அவருடைய அரை நாள் போய்விடும். பெரிய திட்டம், பில்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றால், வரிசை மாறிய பகுதிக்கு மட்டும், அந்தக் கோப்புகளைத் தொகுத்துப் பார்த்தாலாவது போதும்.

வரிசை மாற்றத்தைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள், அதில் பேட்ச்களின் உள்ளடக்கத் திருத்தம் எதையும் கலக்காதீர்கள். கமிட் செய்தியில், எந்தப் பேட்ச் எங்கிருந்து எங்கே போனது, ஏன், இறுதி நிரல் மாறவில்லை என்று சரிபார்த்தாயிற்றா என்ற மூன்றையும் எழுதிவிட்டால் பார்ப்பவர் கேள்வியே கேட்க மாட்டார். எல்லாம் சரியென்றால் "குயில்ட் ஸ்னாப்ஷாட் -டி" கொடுத்து ஸ்னாப்ஷாட்டை நீக்குங்கள், கிட் டேகையும் அழித்துவிடுங்கள். வெளியே எடுத்து வைத்த பேட்ச்சஸ் கோப்புறையின் நகலை மட்டும் அடுத்த வெளியீடு போகும்வரை வைத்திருங்கள்.